ஏஸ் ரேங்க் இருந்தால் தேசியப் போட்டிக்குள் போய்விடலாமா?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. பிஜிஎம்ஐ என்ற செல்போன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஏஸ் என்ற உயர்ந்த ரேங்க் எடுத்திருக்கிறான். மாட்டுத்தாவணி பக்கம் கேமிங் சென்டர் நடத்தும் ஒருவர், 20,000 ரூபாய் கொடுத்தால் தேசியப் போட்டியில் நேரடி ஸ்லாட், அதாவது இடம், வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், உசிலம்பட்டி

பதில்: வேண்டாம் அம்மா. விற்பதற்கு அவரிடம் ஸ்லாட் எதுவும் கிடையாது.

ஏஸ் என்பது உங்கள் மகன் தன் ஐடியில், அதாவது விளையாட்டுக் கணக்கில், சேர்த்த ரேங்க். பதிவு செய்யும்போது குறைந்தபட்ச ரேங்க் கேட்பார்கள், அதோடு அதன் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அணி எடுக்கும் புள்ளிதான் பேசும். பிஜிஐஎஸ் என்ற அந்தத் தேசியத் தொடரை, விளையாட்டை வெளியிடும் கிராஃப்டன் நிறுவனமே நடத்துகிறது, பதிவு இலவசம். 2021-இல் ஒவ்வொரு அணியும் தகுதிச் சுற்றில் 15 ஆட்டம் ஆடியது. அதில் சிறந்த 10 ஆட்டங்களைக் கணக்கில் எடுத்து 1,024 அணிகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மேல் சுற்றுகளில் ஒரு லாபியில், அதாவது ஒரே ஆட்டக்களத்தில், 16 அணிகள் மோதும். முதலிடத்துக்கு 10 புள்ளி, அடுத்த இடங்களுக்கு 6, 5, 4, 3, 2, ஏழுக்கும் எட்டுக்கும் தலா 1. எதிரணி ஆட்டக்காரர் ஒருவரை வீழ்த்தினால் 1 புள்ளி. ஜெயித்த அணி இரண்டு பேரை மட்டும் வீழ்த்தியிருந்தால் 12 புள்ளிதான். நான்காவதாக வந்த அணி ஒன்பது பேரை வீழ்த்தியிருந்தால் 13. இப்படிப் பல ஆட்டங்களைக் கூட்டி, மேலே நிற்பவர்களை அடுத்த சுற்றுக்கு அனுப்புவார்கள். இதில் தரகருக்கு எங்கே வேலை?

இப்படிப்பட்ட தரகர்கள் அடுத்து ஐடி, ஓடிபி கேட்பார்கள், "ரேங்க் ஏற்றித் தருகிறேன்" என்பார்கள். தயவுசெய்து கொடுக்க விடாதீர்கள். வேறு ஆள் ஆடியது தெரிந்தால் அணியையே நீக்கிவிடுவார்கள். பையனின் உழைப்பு மொத்தமும் போய்விடும்.

"நேரடி அழைப்பு உண்டே" என்று அவர் வாதாடலாம். உண்டுதான். முன்பு நன்றாக ஆடிய அணிகளை அமைப்பாளர்களே நடுச் சுற்றில் சேர்ப்பார்கள். வாலரண்ட் என்ற கணினி விளையாட்டில் வேறொரு வழி இருக்கிறது. 2023-இல் அதன் பசிபிக் லீக்குக்கு, அதை வெளியிடும் ரயட் நிறுவனம் பத்து அணிகளைப் பங்காளிகளாகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவிலிருந்து குளோபல் ஈஸ்போர்ட்ஸ் மட்டும் அதில் இடம்பெற்றது. அங்கே இடம் அணியை நடத்தும் நிறுவனத்துக்குத்தான், அவர்கள் ஆட்டக்காரர்களைச் சம்பளத்துக்கு எடுப்பார்கள். கவனியுங்கள், அங்கேயும் ஆட்டக்காரருக்குத்தான் பணம் வருகிறது, அவர் வீட்டிலிருந்து போவதில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். 2022 டிசம்பரில் மத்திய அரசு ஈஸ்போர்ட்ஸை, அதாவது இதுபோன்ற மின்னணு விளையாட்டுப் போட்டிகளை, விளையாட்டுத் துறையின் கீழ் கொண்டுவந்தது. ஆனாலும் தகுதி விதியை விளையாட்டை வெளியிடும் நிறுவனம்தான் எழுதுகிறது, சீசனுக்குச் சீசன் மாற்றுகிறது. ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக இருக்கும் அந்த விதிகளை உசிலம்பட்டியில் ஒரு தாய் யாரிடம் கேட்டுப் புரிந்துகொள்வார்? இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: அடுத்த சீசன் பதிவு திறந்ததும் மகன் நிலையான நாலு பேர் அணியோடு அதிகாரபூர்வத் தளத்தில் தானே பதியட்டும். 18 வயது ஆகாததால் பெற்றோர் சம்மதம் கேட்பார்கள். அதை நீங்களே படித்து, நீங்களே கொடுங்கள். அந்த ஆளுக்கு ஏற்கெனவே முன்பணம் ஆன்லைனில் அனுப்பியிருந்தால் இன்றைக்கே 1930 சைபர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் அனுப்பிய விவரத்தையும் அவரது வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.