எட்டா, ஒன்பதா? பண்பாடு, பொது அறிவு: கேள்விகளும் பதில்களும்

குரூப் 4, குரூப் 2, எஸ்எஸ்சி, யுபிஎஸ்சி என்று பல தேர்வுகளுக்குப் படிக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், இந்தியக் கலை, பண்பாடு, பொதுவாழ்வு சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பாதிப் பேரின் குழப்பம் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. பட்டியலை மனப்பாடம் செய்கிறார்கள், அந்தப் பட்டியலைப் போட்டது யார் என்று பார்ப்பதில்லை. கேள்வி எடுப்பவர் கை வைப்பதும் அங்கேதான்.

கேள்வி: அக்கா, செவ்வியல் நடனம் எட்டா, ஒன்பதா? ஒரு கைடில் எட்டு, இன்னொன்றில் ஒன்பது. கோச்சிங்கில் கேட்டால் "ஆப்ஷனில் எது இருக்கோ அதைப் போடு" என்கிறார்கள்.

பதில்: ரெண்டுமே சரி, அதுதான் தொல்லை. இசை, நடனம், நாடகத்துக்கான தேசிய அமைப்பான சங்கீத நாடக அகாதெமி அங்கீகரித்தவை எட்டு: பரதநாட்டியம், கதக், கதகளி, குச்சிப்புடி, ஒடிசி, மணிப்புரி, மோகினியாட்டம், சத்ரியா. இதில் கடைசியாகச் சேர்ந்தது அசாமின் சத்ரியா, 2000-ல். சங்கரதேவர் தொடங்கிய வைணவ மடங்களுக்குள் ஐந்நூறு வருஷமாக ஆடப்பட்டு வந்தது. மத்திய கலாசார அமைச்சகம் இந்த எட்டோடு சௌ நடனத்தையும் சேர்த்துக்கொள்கிறது, அப்போது ஒன்பது. ஆகவே கேள்வியில் "சங்கீத நாடக அகாதெமி" என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் எட்டு, யோசிக்கவே வேண்டாம்.

சௌ என்று வந்துவிட்டால் அதன் மூன்று கிளைகளையும் சேர்த்துப் படித்துவிடுங்கள். மேற்கு வங்கத்தின் புருலியா, ஜார்க்கண்டின் செராய்கேலா, ஒடிசாவின் மயூர்பஞ்ச். முதல் இரண்டிலும் முகமூடி உண்டு, மயூர்பஞ்சில் கிடையாது. கேள்வி எடுப்பவர்களுக்கு இந்த "கிடையாது" ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் சங்கீத நாடக அகாதெமியின் முதல் தலைவர் பி.வி. ராஜமன்னார். பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மத்திய மாநில உறவுகளை ஆராய 1969-ல் தமிழக அரசு அமைத்த ராஜமன்னார் குழுவின் தலைவரும் அவரேதான், சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர். பண்பாட்டுப் பகுதிக்கு ஒன்று, அரசியலமைப்புப் பகுதிக்கு ஒன்று என ஒரே ஆளில் இரண்டு கேள்வி.

கேள்வி: பரதநாட்டியம் யுனெஸ்கோ பட்டியலில் எந்த ஆண்டு சேர்ந்தது?

பதில்: சேரவே இல்லை. எட்டு செவ்வியல் நடனங்களில் எதுவுமே யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் தனியாக இடம்பெறவில்லை. இந்தியாவிலிருந்து 2008-ல் முதலில் போனவை கூடியாட்டம், வேதம் ஓதும் மரபு, ராம்லீலா. 2010-ல் சௌ, ராஜஸ்தானின் கால்பேலியா, கேரளத்தின் முடியேற்று. 2016-ல் யோகா, 2017-ல் கும்பமேளா, 2021-ல் கொல்கத்தாவின் துர்கா பூஜை, 2023-ல் குஜராத்தின் கர்பா, 2025-ல் தீபாவளி. நடுவில் 2014-ல் ஒன்று உண்டு, பலரும் விட்டுவிடுவது: பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் தட்டேரா சமூகத்தினர் பித்தளை, செம்புப் பாத்திரம் அடிக்கும் கைவினை. கூடியாட்டத்தை நடனம் என்று ஆப்ஷனில் போட்டால் ஏமாறாதீர்கள், அது சமஸ்கிருத நாடக மரபு.

"ஜன கண மன உலகின் சிறந்த தேசிய கீதம் என யுனெஸ்கோ அறிவிப்பு" என்று வாட்ஸ்அப்பில் வருவதை ஒருவர் குறிப்பேட்டில் எழுதியே வைத்திருக்கிறாராம். அடித்துவிடுங்கள், யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை.

கேள்வி: தமிழ்நாட்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் எத்தனை மேடம்?

பதில்: எண்ணிக்கையாகப் படித்தால் மாட்டிக்கொள்வீர்கள். மாமல்லபுரம் 1984. தஞ்சைப் பெரிய கோயில் 1987, அதோடு கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-ல் சேர்ந்து "அழியாத சோழர் பெருங்கோயில்கள்" என்ற ஒரே பதிவு ஆயின. இவை இரண்டும் முழுக்க நம்முடையவை. மற்றவை பங்கு உள்ளவை. நீலகிரி மலை ரயில் 2005-ல் சேர்ந்தது, ஆனால் தனிப் பதிவு இல்லை, 1999-ல் இடம்பிடித்த டார்ஜிலிங் ரயிலின் விரிவாக்கம். 2008-ல் கால்கா-சிம்லா ரயிலும் அதே பதிவில்தான் நுழைந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை 2012, இது இயற்கைப் பிரிவு. 2025-ல் செஞ்சிக் கோட்டை, மராட்டிய ராணுவ நிலப்பரப்பு என்ற பதிவில் உள்ள 12 கோட்டைகளில் ஒன்றாக. மற்ற 11 கோட்டைகளும் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இருக்கும் கோட்டை ஏன் மராட்டியப் பட்டியலில் என்று கேட்டால், 1677-ல் சிவாஜி அதைப் பிடித்தார், பிறகு அவர் மகன் ராஜாராம் மொகலாயப் படையை அங்கிருந்துதான் பல வருஷம் சமாளித்தார்.

கேள்வி: செம்மொழி, எட்டாவது அட்டவணை மொழி, சாகித்ய அகாதெமி மொழி... எனக்கு எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

பதில்: கலக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மூன்றையும் போட்டவர்கள் வேறு வேறு ஆட்கள், அதை வைத்தே பிரித்துவிடலாம்.

எட்டாவது அட்டவணை அரசியலமைப்பின் பகுதி, அதனால் மாற்ற வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் திருத்தம் வேண்டும். தொடக்கத்தில் 14 மொழிகள். 1967-ல் 21-வது திருத்தத்தில் சிந்தி. 1992-ல் 71-வது திருத்தத்தில் கொங்கணி, மணிப்புரி, நேபாளி. 2003-ல் 92-வது திருத்தத்தில் போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி. ஆக 22. செம்மொழி தகுதிக்குத் திருத்தம் எதுவும் தேவையில்லை, மத்திய அரசு அறிவித்தால் போதும். 2004-ல் தமிழ், 2005-ல் சமஸ்கிருதம், 2008-ல் தெலுங்கும் கன்னடமும், 2013-ல் மலையாளம், 2014-ல் ஒடியா, 2024 அக்டோபரில் ஒரேயடியாக மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமி, வங்காளம். மொத்தம் 11. சாகித்ய அகாதெமி விருது தருவது 24 மொழிகளுக்கு: அட்டவணையின் 22, கூடவே ஆங்கிலம், ராஜஸ்தானி.

இனி கண்ணி எங்கே என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். செம்மொழியாக இருந்தும் எட்டாவது அட்டவணையில் இல்லாதவை எவை? பாலி, பிராகிருதம். 2024-க்கு முன்னால் இந்தக் கேள்விக்கே வழியில்லை. இப்போது இருக்கிறது, அதனால் வரும்.

கையில் ஏதாவது ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஓரத்தில் மதிப்பு வரிசையாக 15 மொழிகளில் அச்சாகியிருக்கும். மேலே அசாமியில் தொடங்கி கீழே உருதில் முடியும், தமிழ் கீழேயிருந்து மூன்றாவது. ஆங்கிலப் பெயர்களின் அகரவரிசை அது. இந்தியும் ஆங்கிலமும் இந்தப் பெட்டிக்கு வெளியே தனியாக இருக்கும், ஆக நோட்டில் 17 மொழிகள். அட்டவணையில் இருந்தும் நோட்டில் இல்லாதவை ஆறு: சிந்தி, மணிப்புரி, போடோ, டோக்ரி, மைதிலி, சந்தாலி. இதை உட்கார்ந்து உருப்போடுவதைவிட டீக்கடையில் சில்லறை வாங்கும்போது ஒருமுறை நோட்டைப் பார்த்துவிட்டால் மறக்காது.

கேள்வி: இந்தி தேசிய மொழியா? நண்பர் ஒருவர் பிடிவாதமாக ஆமாம் என்கிறார்.

பதில்: இல்லை. பிரிவு 343 சொல்வது தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தி ஒன்றியத்தின் அலுவல் மொழி என்று. தேசிய மொழி என்று அரசியலமைப்பில் எதுவும் இல்லை. 1963-ன் அலுவல் மொழிச் சட்டத்தால் ஆங்கிலமும் தொடர்கிறது. நண்பருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: 1976-ல் வந்த அலுவல் மொழி விதிகளின் முதல் விதியிலேயே, இவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்று இருக்கிறது. ஒரே ஒரு மாநிலத்துக்கு விலக்கு, அது நாம்.

கேள்வி: அப்போ ஹாக்கி?

பதில்: அதுவும் இல்லை. எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று 2012-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு மனுவுக்கு விளையாட்டுத் துறை அமைச்சகமே பதில் தந்துவிட்டது. பழைய கைடுகளில் இன்னும் ஹாக்கி இருக்கும்.

கேள்வி: பாரத ரத்னா ஆண்டுக்கு மூன்று பேருக்குத்தான் என்று படித்தேன். 2024-ல் ஐந்து பேர் எப்படி? அப்புறம் பட்டங்களை ஒழித்துவிட்டு அரசே விருது கொடுப்பது எப்படி சரியாகும் அக்கா?

பதில்: இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிரிவு 18 பட்டங்களை ஒழிக்கிறது; ராணுவ, கல்வித் தகுதிகளுக்கு மட்டும் விலக்கு. பிரிட்டிஷ் காலத்து ராவ் பகதூர், திவான் பகதூர் மாதிரி பெயரோடு ஒட்டிக்கொண்டு ஆளை உயர்த்திக் காட்டும் பட்டம் கூடாது என்பதுதான் நோக்கம். பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் இதற்கு எதிரானவை என்று வழக்குப் போனது. பாலாஜி ராகவன் வழக்கில் 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இவை பட்டங்கள் அல்ல, செல்லும், ஆனால் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்றது. கல்யாணப் பத்திரிகையிலும் விழா பேனரிலும் "பத்மஸ்ரீ இன்னார்" என்று போடுவதைப் பார்க்கிறோமே, அது கூடாது. நம் ஊரில் யார் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மூன்று பேர் என்பது வழக்கமான வரம்பு, 1999-ல் நால்வருக்கும் 2024-ல் ஐவருக்கும் கொடுத்ததே அது மீறப்படும் என்பதற்குச் சாட்சி. 2024-ன் ஐவர்: கர்ப்பூரி தாக்கூர், அத்வானி, சரண் சிங், நரசிம்ம ராவ், எம்.எஸ். சுவாமிநாதன். 1954-ல் முதல் மூவர் ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி. ராமன், மூவரும் நம் பக்கத்துக்காரர்கள். மறைந்தவர்களுக்குத் தர முதலில் விதி இல்லை, பிறகு சேர்த்தார்கள். அப்படி முதலில் பெற்றவர் 1966-ல் லால் பகதூர் சாஸ்திரி. காமராசருக்கு 1976-லும் எம்.ஜி.ஆருக்கு 1988-லும் மறைவுக்குப் பிறகுதான் கிடைத்தது. 1977-ல் ஜனதா அரசு இந்த விருதுகளையே நிறுத்தியது, 1980-ல் திரும்ப வந்தபோது முதலில் பெற்றவர் அன்னை தெரசா. பதக்கம் அரச இலை வடிவம். பணமுடிப்பு கிடையாது.

கேள்வி: இலக்கியத்துக்கான ஞானபீட விருது எந்த அமைச்சகத்தின் கீழ் வருகிறது?

பதில்: எதன் கீழும் வராது, பாரதிய ஞானபீடம் ஒரு தனியார் அறக்கட்டளை. முதல் விருது 1965-க்கு, மலையாளக் கவிஞர் ஜி. சங்கர குருப். தமிழில் அகிலனுக்கு 1975-க்கான விருது, ஜெயகாந்தனுக்கு 2002-க்கானது. "க்கான" என்பதைக் கவனியுங்கள். அறிவித்த ஆண்டும் எந்த ஆண்டுக்கான விருது என்பதும் வேறாக இருக்கும். ரஜினிகாந்துக்கு தாதாசாகேப் பால்கே விருது 2019-க்கானது, அறிவித்தது 2021-ல்.

கேள்வி: புவிசார் குறியீடு வேளாண் துறையா? ரசகுல்லா யாருடையது?

பதில்: ஒரு ஊரின் பெயரோடு சேர்ந்த தனித்தன்மையுள்ள பொருளுக்குத் தரும் அடையாளம்தான் புவிசார் குறியீடு. அது வருவது வணிகம், தொழில் அமைச்சகத்தின் கீழ். சட்டம் 1999-ல் வந்தது, அமலானது 2003 செப்டம்பர் 15. முதல் பொருள் டார்ஜிலிங் தேநீர். பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது, டெல்லி என்று எழுதி மதிப்பெண்ணை விடாதீர்கள். பதிவு பத்து ஆண்டுகளுக்கு, பிறகு புதுப்பிக்க வேண்டும். ரசகுல்லாவுக்கு இரண்டு பேரிடமும் குறியீடு உண்டு: வங்கத்துக்கு 2017-ல், ஒடிசாவுக்கு 2019-ல். சண்டை தீர்ந்ததா என்றால் இல்லை, தேர்வுக்கு இது போதும். நம் பழனி பஞ்சாமிர்தமும் 2019-தான்.

கேள்வி: சித்திரை 1-ல் நமக்குப் புத்தாண்டு, யுகாதி மட்டும் ஏன் வருஷா வருஷம் வேறு வேறு தேதியில்?

பதில்: சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவதை வைத்துக் கணக்கிடுபவர்களுக்குத் தேதி ஏறக்குறைய மாறாது, ஏப்ரல் 14-ஐ ஒட்டியே வரும். தமிழ்ப் புத்தாண்டு, விஷு, பைசாகி, அசாமின் ரொங்காலி பிஹு, வங்கத்தின் பொய்லா பொய்ஷாக், ஒடிசாவின் பணா சங்கராந்தி எல்லாம் இந்த வகை. அமாவாசைக்கு மறுநாள் பிரதமையைப் பிடிப்பவர்களுக்குத் தேதி மார்ச், ஏப்ரலுக்குள் ஆடும்: யுகாதி, குடி பாட்வா, காஷ்மீரின் நவ்ரே. குஜராத்திகளுக்குப் புத்தாண்டு தீபாவளியை அடுத்து வருகிறது. இந்தக் காரணம் புரிந்தால் பொருத்துக வினாவில் பாதி தானே விழுந்துவிடும். தேசிய நாட்காட்டியான சக ஆண்டு இதிலெல்லாம் சேராதது. மேகநாத் சாகா தலைமையிலான குழு பரிந்துரைத்து 1957 மார்ச் 22-ல் நடைமுறைக்கு வந்தது, லீப் ஆண்டில் மட்டும் மார்ச் 21-ல் தொடங்கும்.

கேள்வி: சுதந்திர தினத்தில் முதலமைச்சர் கொடி ஏற்றும் உரிமை யார் வாங்கித் தந்தது?

பதில்: கலைஞர் கருணாநிதி கேட்டுப் பெற்றது, 1974 முதல். அதற்கு முன் ஆளுநர்கள்தான் ஏற்றினார்கள். இப்போதும் ஜனவரி 26 ஆளுநருக்கு, ஆகஸ்ட் 15 முதலமைச்சருக்கு.

கேள்வி: டிஎன்பிஎஸ்சி விடைக்குறிப்பில் தப்பான விடை வந்தால் என்ன செய்வது? போன தடவை சரியாகப் போட்டும் மதிப்பெண் போச்சு.

பதில்: முதலில் வருவது உத்தேச விடைக்குறிப்பு, அதை மறுக்க ஏழு நாள் தருவார்கள். ஆணையத்தின் இணையதளம் வழியாகத்தான் அனுப்ப வேண்டும், தபாலில் போட்டால் பார்க்கமாட்டார்கள். கைடைப் படம் எடுத்து அனுப்பிப் பிரயோஜனமில்லை. பட்டியலைப் போட்டவரிடமே போங்கள்: நடனம் என்றால் அகாதெமியின் தளம், மொழி என்றால் அரசியலமைப்பின் அட்டவணை, குறியீடு என்றால் கிண்டி அலுவலகத்தின் பதிவேடு. பள்ளிப் பாடநூலில் இருந்தால் வகுப்பும் பக்க எண்ணும் போட்டு அந்தப் பக்கத்தை இணைத்து விடுங்கள்.