சேர்ந்து மூன்று மாதம், எதற்கும் லாயக்கில்லை என்று தோன்றுகிறது: வேலையை விடலாமா?

இப்போதைக்கு விட வேண்டாம். அந்த எண்ணத்தை மட்டும் வைத்து, வேலை ஒத்துவரவில்லை என்று முடிவுகட்ட முடியாது.

கல்லூரியில் தேர்வு, மதிப்பெண் என்று நாம் எங்கே நிற்கிறோம் என்பது அவ்வப்போது தெரிந்துவிடும். அலுவலகத்தில் அப்படி இல்லை. மேலாளர் ஒன்றுமே சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அந்த மௌனத்தைத்தான் திட்டு என்று எடுத்துக்கொள்கிறீர்கள்.

அவரிடம் கொஞ்சம் நேரம் கேளுங்கள். "எப்படிச் செய்கிறேன்?" என்று பொதுவாகக் கேட்டால் "நல்லா போகுது" என்பதோடு முடிந்துவிடும். கடைசியாக முடித்த வேலையைக் காட்டி, இதில் எதை மாற்றியிருக்கலாம் என்று கேளுங்கள். அப்போதும் மழுப்பினால் அது அவர் பிரச்சினை, உங்களுடையது அல்ல. அப்புறம் மூத்த சக ஊழியர் யாரிடமாவது கேளுங்கள்.

ஆனால் தூக்கம், பசி கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் 2 வாரத்துக்கு மேல் தினமும் போகிறதென்றால், முதலில் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.