நெட்ல டேட்டா துண்டு, அதாவது பேக்கெட், லேயர் லேயரா எப்படி போகுது? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, ஓஎஸ்ஐல 7 லேயர், டிசிபி/ஐபில 4ங்கறாங்க. எதை படிக்கறது?

பதில்: ரெண்டும் படிங்க தம்பி, நெட்வொர்க் வேலைய லேயரா பிரிச்சு பாக்கற ரெண்டு வழி அது. ஓஎஸ்ஐ 1984ல ஸ்டாண்டர்டா வந்த மாடல். ஆனா நெட்ல நிஜமா ஓடறது டிசிபி/ஐபிதான், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட் 1983 ஜனவரி 1லயே அதுக்கு மாறிடுச்சு.

கேள்வி: வந்த டேட்டாவ மேல யார்கிட்ட குடுக்கணும்னு கீழ் லேயருக்கு எப்படி தெரியும் சார்?

பதில்: அருமையான கேள்வி, இது புரிஞ்சா பாதி நெட்வொர்க்கிங் புரிஞ்ச மாதிரி. ஒவ்வொரு லேயரும் டேட்டாவுக்கு முன்னாடி ஒட்டற ஹெடர்ல "அடுத்து யாரு"னு ஒரு நம்பர் இருக்கும். ஈதர்நெட் (கேபிள் லேயர்) ஹெடர்ல டைப் ஃபீல்டு, அதுல ஹெக்ஸ்ல 0800னு இருந்தா ஐபிவி4, அந்த ஐபி ஹெடர்ல புரோட்டோகால் ஃபீல்டு 6னா டிசிபி (தொலைஞ்சா திரும்ப அனுப்பும்), 17னா யூடிபி (அனுப்பாது), டிசிபிகிட்ட போனா எந்த ஆப்புக்குன்னு சொல்ற போர்ட் நம்பர், 443னா பொதுவா ஹெச்டிடிபிஎஸ், இப்படி ஒவ்வொண்ணா உரிச்சு உரிச்சு மேல தள்ளிட்டே போகும். உள்ள என்ன இருக்குனு ஈதர்நெட்டுக்கு தெரியாது, தெரியவும் வேணாம். அதனாலதான் கேபிள கழட்டிட்டு வைஃபைக்கு மாறினாலும் பிரௌசர் கோட்ல ஒரு வரி கூட மாத்த வேண்டியதில்ல.

கேள்வி: ஐபி அட்ரஸ் இருக்கறப்ப மேக் அட்ரஸ் எதுக்கு?

பதில்: ஐபி போய் சேர வேண்டிய இடம், மேக் (நெட்வொர்க் கார்டோட அட்ரஸ்) அடுத்த ஹாப், அதாவது வழில அடுத்த பெட்டி வரைக்கும்தான். ஒவ்வொரு ரவுட்டரும் பழைய ஃப்ரேம (பேக்கெட்ட சுத்தின உறை) தூக்கி போட்டுட்டு, டிடிஎல்ல (இன்னும் எத்தன ஹாப் போகலாம்ங்கற கணக்கு) ஒண்ணு கொறச்சு, புது மேக் போட்டு அனுப்பும். நடுவுல நாட் (ஐபி அட்ரஸ மாத்தி அனுப்பற வேலை) இல்லன்னா ஐபி அட்ரஸ் மாறாது.

கேள்வி: வைஃபையே ரீட்ரை பண்ணுதே, டிசிபியும் ஏன் திரும்ப அனுப்பணும்? ரெட்டை வேலைதானே?

பதில்: இல்லங்க. வைஃபை பாக்கறது அந்த ஒரு ஹாப்ப மட்டும். அதுக்கப்புறம் ஏதோ ஒரு ரவுட்டர்ல க்யூ நிரம்பி பேக்கெட் ட்ராப் ஆனா வைஃபைக்கு எப்படி தெரியும்? ரெண்டு முனையிலயும் உக்காந்திருக்கற டிசிபிதான் அத கண்டுபிடிக்கும்.

கேள்வி: 1500 பைட் எம்டியூல (ஒரு ஃப்ரேம்ல போகக்கூடிய பெரிய ஐபி பேக்கெட் அளவு) நம்ம டேட்டா எவ்ளோ?

பதில்: ஐபிவி4 ஹெடர் 20, டிசிபி 20, மிச்சம் 1460. டிசிபி ஹெடர்ல டைம்ஸ்டாம்ப் ஆப்ஷன் (12 பைட்) இருந்தா 1448.

கேள்வி: டிசிபி இவ்ளோ பண்ணுதுன்னா ஹெச்டிடிபி/3 ஓடற க்விக் புரோட்டோகால் ஏன் யூடிபி மேல?

பதில்: ஹெச்டிடிபி/2ல பல ஸ்ட்ரீம் ஒரே டிசிபி கனெக்ஷன்ல போகுது, டிசிபிக்கு ஸ்ட்ரீம்னா என்னன்னே தெரியாது, அதனால ஒரு பேக்கெட் தொலைஞ்சா பின்னாடி வர்ற எல்லாமே காத்து கெடக்கும். க்விக் ஸ்ட்ரீம தனித்தனியா பாத்துக்கும். 2021ல ஆர்எஃப்சி (இன்டர்நெட் ஸ்டாண்டர்ட் டாக்குமென்ட்) 9000ஆ வந்துச்சு. ஐபி மேல நேரா புதுசா ஒண்ணு வெச்சிருக்கலாம், ஆனா டிசிபி, யூடிபி தவிர வேற புரோட்டோகால் நம்பர் வந்தா நெறைய ஃபயர்வாலும் நாட்டும் விடாது. நடுவுல இருக்கற பெட்டிங்க தனக்கு சம்பந்தமில்லாத லேயர எட்டி பாக்கறதால வந்த தொல்லை இது, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம்.