வேல்ஸில் வெல்ஷ் பேசினால் அன்றாடம் என்ன பயன்? கேள்வி பதில்

வேல்ஸின் வடமேற்கே, க்வினெத் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் மருந்தாளுநராக இருக்கிறேன். வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷ் நான் வளர்ந்தபின் கற்ற மொழி. இப்போது மாலையில் தொடக்கநிலை வகுப்பும் எடுக்கிறேன். வேல்ஸுக்கு வந்திருக்கிற, வரப்போகிற தமிழர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். விசாவும் வரிக்கணக்கும் என் துறை இல்லை.

பேங்கரில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்: வார்டில் எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியுது. அப்புறம் வெல்ஷ் கத்துக்கிட்டு என்ன ஆகப்போகுது அண்ணா?

நல்ல கேள்வியோடு தொடங்கியிருக்கிறீர்கள் தங்கச்சி. வேல்ஸ் முழுவதையும் எடுத்தால் 2021 கணக்கெடுப்பின்படி வெல்ஷ் பேசத் தெரிந்தவர்கள் 17.8 சதவீதம், சுமார் 5,38,000 பேர். நீங்கள் இருக்கும் க்வினெத்தில் மட்டும் அது 64.4 சதவீதம். உங்கள் வார்டில் படுத்திருக்கும் முதியவர்களில் பலருக்கு வீட்டிலும் தேவாலயத்திலும் வயலிலும் வெல்ஷ்தான். ஆங்கிலம் தெரியும், ஆனால் உடம்பு முடியாதபோது அது வராது. மறதிநோய் வந்தவர்களில் பலருக்குப் பின்னால் கற்ற மொழி முதலில் நழுவுகிறது.

எங்கள் கடைக்கு ஒரு பெரியவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு வருவார். அந்த அம்மாவுக்கு மறதி. ஆங்கிலத்தில் என்ன கேட்டாலும் "ஃபைன், ஃபைன்" என்று சிரிப்பார். ஒருநாள் அவர் நடப்பது சரியாக இல்லையே என்று, "ப்ளே மாயர் போயன்?" என்று கேட்டேன், வலி எங்கே என்று. சிரிப்பு நின்றது. கைப்பையைக் கீழே வைத்தார், இடுப்பின் வலப்பக்கத்தில் உள்ளங்கையை அழுத்திக் காட்டினார். அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பினோம். இலக்கணம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

இது தனிப்பட்ட அன்பு சார்ந்த காரியம் மட்டும் இல்லை. 2012-இல் வேல்ஸ் அரசு சுகாதாரத் துறைக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நோயாளி கேட்கும்வரை காத்திருக்காமல், வெல்ஷில் பேச வேண்டுமா என்று ஊழியரே முதலில் கேட்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. வேலை செய்பவர்களுக்கென்றே அரசு செலவில் நடக்கும் வெல்ஷ் வகுப்புகளும் உண்டு. உங்கள் மேலாளரிடம் கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை, இதை இன்று பலமுறை சொல்வேன்: அரைகுறை வெல்ஷில் பொறுப்பான காரியம் எதையும் செய்யாதீர்கள். நலம் விசாரிக்கலாம், தண்ணீர் வேண்டுமா என்று கேட்கலாம், வலி எங்கே என்று கேட்கலாம். மாத்திரை அளவு, அறுவை சிகிச்சைக்குச் சம்மதம், ஒவ்வாமை, இவை வந்தால் வெல்ஷ் நன்றாகத் தெரிந்த சக ஊழியரைக் கூப்பிடுங்கள்.

ஸ்வான்சியில் ஐ.டி. வேலை தேடுபவர்: வெல்ஷ் தெரிந்தால் வேலை கிடைக்குமா?

எந்த வேலை என்பதைப் பொறுத்தது. 2011-இல் வந்த வெல்ஷ் மொழிச் சட்டம் அந்த மொழிக்கு வேல்ஸில் அதிகாரப்பூர்வ நிலை கொடுத்தது. அதன்கீழ் உள்ளாட்சி, சுகாதார வாரியம், பல்கலைக்கழகம் போன்ற அமைப்புகள் வெல்ஷில் சேவை தர வேண்டிய கட்டாயம் வந்தது. அதனால் அவர்களின் வேலை விளம்பரத்தில் வெல்ஷ் "கட்டாயம்" என்றோ "இருந்தால் நல்லது" என்றோ குறித்திருப்பார்கள். இரண்டாவது வகையில் தொடக்கநிலை வெல்ஷ்கூட நேர்காணலில் உங்கள் பக்கம் பேசும். தனியார் மென்பொருள் நிறுவனத்தில் பெரும்பாலும் கேட்கவே மாட்டார்கள். வேலைக்காக மட்டும் படிக்கிறேன் என்றால் உள்ளாட்சி, கல்வி, ஊடகம், முதியோர் பராமரிப்பு, இந்தப் பக்கம் பாருங்கள்.

சென்னையிலிருந்து: வெல்ஷ் படித்தால் யூ.கே. விசா சுலபமா?

இல்லை. வேலை விசாவுக்கு ஆங்கிலத் தகுதிதான் கேட்பார்கள்.

ரெக்ஸம்: குடியுரிமைக்கு வெல்ஷ் செல்லும் என்று ஒருவர் சொன்னாரே?

1981 குடியுரிமைச் சட்டத்தில் ஆங்கிலம், வெல்ஷ், ஸ்காட்டிஷ் கேலிக் மூன்றில் ஒன்றில் போதிய அறிவு வேண்டும் என்றே இருக்கிறது. நடைமுறைக்கு வழக்கறிஞரைக் கேளுங்கள். வேல்ஸில் நடக்கும் விழாவில் உறுதிமொழியை வெல்ஷிலேயே எடுக்கலாம். உறுதிமொழியைப் பொருள் தெரிந்து சொல்லுங்கள், ஒப்பிக்காதீர்கள்.

கார்டிஃபில் ஒரு அம்மா: மகளுக்கு மூணு வயசு. பக்கத்துலயே வெல்ஷ் வழிப் பள்ளி. அதுல போட்டா தமிழ் போயிடுமோன்னு மாமியார் பயப்படுறாங்க.

மாமியாரின் பயம் நியாயமானது, ஆனால் அவர் பயப்பட வேண்டியது வெல்ஷைப் பார்த்து இல்லை. வெல்ஷ் வழிப் பள்ளியில் முதல் சில ஆண்டுகள் எல்லாமே வெல்ஷில் நடக்கும். ஏழு வயதை ஒட்டி ஆங்கிலம் பாடமாக வரும். கார்டிஃப் பக்கத்துப் பள்ளிகளில் பெரும்பாலான பிள்ளைகள் வெல்ஷ் பேசாத வீட்டிலிருந்து வருபவர்கள். உங்கள் மகள் அங்கே தனித்துத் தெரிய மாட்டாள். பள்ளிக் கடிதங்கள் இரு மொழியிலும் வரும். இப்போதே பழக்க வேண்டுமென்றால் பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து போகும் "கில்ஹ் டீ ஆ வீ" என்ற விளையாட்டுக் குழுக்கள் உண்டு. நீங்களும் பாட்டோடு பாட்டாகக் கற்றுக்கொள்வீர்கள்.

இதற்கு நியூபோர்ட்காரர் ஒருவர்: தப்பா வழிகாட்டாதீங்க சார். அஞ்சு லட்சம் பேர் பேசுற பாஷை. அதுக்குப் பதிலா ஸ்பானிஷ் படிச்சா உலகம் முழுக்கப் போகலாம்.

ஸ்பானிஷ் படிக்கட்டும், யார் தடுத்தார்கள்? ஆனால் கார்டிஃபில் மூன்று வயதுக் குழந்தைக்குத் தினமும் ஸ்பானிஷ் பேச யார் இருக்கிறார்கள்? வெல்ஷுக்குத் தெருக்கோடியில் பள்ளி, எஸ்4சி என்ற வெல்ஷ் தொலைக்காட்சியில் சிறுவர் நிகழ்ச்சி, உர்த் என்ற இளையோர் இயக்கத்தின் கோடை முகாம், நூலகத்தில் புத்தகம் எல்லாம் இருக்கிறது. அந்த எஸ்4சி-யும் சும்மா வந்துவிடவில்லை. வெல்ஷுக்கெனத் தனி அலைவரிசை தருவதாகச் சொன்ன பிரிட்டிஷ் அரசு பின்வாங்கியதும், 1980-இல் வேல்ஸ் தேசியக் கட்சித் தலைவர் க்வின்வோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். அரசு இறங்கி வந்தது. 1982 நவம்பர் 1-ஆம் தேதி ஒளிபரப்பு தொடங்கியது.

லண்டனிலிருந்து ஒரு அண்ணன்: நம்ம பிள்ளைங்களுக்குத் தமிழே வரல. இதுல வெல்ஷ் வேறயா? இருக்குற நேரத்தைத் தமிழுக்குக் கொடுங்க.

அண்ணே, உங்கள் ஆதங்கம் என் ஆதங்கமும்தான். ஆனால் லண்டனில் தமிழைத் தின்றது எது? அங்கே நம் பிள்ளைகள் வெல்ஷ் பள்ளிக்குப் போகவில்லையே. ஆங்கிலம் மட்டும் போதும் என்ற எண்ணம்தான் தின்றது.

இந்த ஊர்க்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். 1911-இல் வேல்ஸில் வெல்ஷ் பேசியவர்கள் 9,77,366 பேர், மக்கள்தொகையில் 43.5 சதவீதம். 1991-க்குள் அது 18.7 சதவீதமாகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் தண்டனையாக ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டார்கள். பிறகு மரத்துண்டுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பிள்ளைக்கு நல்லது என்று நம்பி அப்பா அம்மாவே வீட்டில் வெல்ஷை நிறுத்தினார்கள். தெற்குப் பள்ளத்தாக்குகளில் தாத்தா பேசிய மொழி தனக்கு வரவில்லையே என்ற வருத்தத்தில் இன்று எத்தனையோ பெற்றோர் பிள்ளையை வெல்ஷ் பள்ளியில் சேர்க்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை அவர்களோடு உட்கார்ந்து படித்தால், வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, கடைத்தெருவில் இன்னொரு மொழி என்பது உலக வழக்கம் என்று அதற்குப் புரியும். அந்தப் பள்ளி வாசலில் தமிழில் கூப்பிட்டால் பிள்ளை கூச்சப்படாது. நான் பழகிய குடும்பங்களில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் தமிழ் பேச வேண்டியது நீங்கள்தான். அதைப் பள்ளி செய்யாது, வெல்ஷ் பள்ளியும் செய்யாது, ஆங்கிலப் பள்ளியும் செய்யாது.

நியூபோர்ட்காரர் மறுபடியும்: ஆனா பிள்ளை இங்கிலீஷ்ல பின்தங்கிடுமே?

கார்டிஃபில் வளரும் பிள்ளை ஆங்கிலத்திலிருந்து ஓடி ஒளியவே முடியாது. இந்த விவாதம் இதோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

அபெரிஸ்ட்வித் மாணவர்: பகுதிநேர வேலைக்கு வெல்ஷ் உதவுமா?

மேலே ஸ்வான்சி நண்பருக்குச் சொன்னதே. உங்கள் ஊரில் காபிக்கடையிலும் உதவும். உங்களுக்கு 25 வயதுக்குள் என்றால் தேசிய வெல்ஷ் கற்றல் மையத்தின் வகுப்புகள் இலவசம், முதலில் அதில் சேருங்கள்.

மலையேறுபவர் ஒருவர்: எராரி மலைப்பக்கம் அடிக்கடி போவேன். ஊர்ப்பெயர் படிக்கத் தெரிந்தால் ஏதாவது லாபம் உண்டா?

நிறைய. வரைபடத்தில் "கோர்ஸ்" என்று இருந்தால் சதுப்பு, செருப்போடு போகாதீர்கள். "ரீட்" என்றால் ஆற்றைக் கடக்கும் துறை. பாலம் இருக்கும் என்று நம்ப வேண்டாம், பாலத்துக்கு "போன்ட்". "அபெர்" கழிமுகம், "நன்ட்" ஓடை, "புல்ஹ்" கணவாய். மூடுபனியில் சிக்கினால் இவை கைகொடுக்கும். எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் மொழி இது, விதியைப் படித்துவிட்டால் எந்தப் பலகையையும் வாசிக்கலாம். இரட்டை எல் மட்டும் பழக வேண்டும்: நாக்கை "ல" சொல்லும் இடத்தில் வைத்து, குரல் கொடுக்காமல், நாக்கின் ஓரமாகக் காற்றை விடுங்கள். 2022-இல் எராரி தேசியப் பூங்கா ஆணையமே ஸ்னோடோனியா, ஸ்னோடன் இரண்டையும் விட்டு எராரி, அர் வித்வா என்ற பெயர்களையே புழங்குவதென்று முடிவெடுத்தது. நாமும் அப்படியே சொல்வோம்.

பப்புக்குப் போனவர்: நாங்க உள்ள போனதும் எல்லாரும் வெல்ஷுக்கு மாறிட்டாங்க. ஏன் சார் இப்படி?

மாறவில்லை. நீங்கள் வருவதற்கு முன்பும் அவர்கள் வெல்ஷில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தோசைக்கடை வைக்கப்போகிறவர்: போர்டு, மெனு எல்லாம் வெல்ஷிலும் போடணும். கூகுள்ல போட்டு அடிச்சிடலாமா?

மெனுவை வெல்ஷில் போடுவது அருமையான எண்ணம், வாடிக்கையாளர் கட்டாயம் கவனிப்பார். ஆனால் முதல் பதிலில் சொன்னதுதான்: அரைகுறை வெல்ஷில் பொறுப்பான காரியம் கூடாது. 2008-இல் ஸ்வான்சியில் ஒரு சாலைப் பலகைக்கு மொழிபெயர்ப்பு கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள். வந்த பதிலை அப்படியே பலகையில் அடித்து நட்டுவிட்டார்கள். அதில் இருந்தது: "நான் இப்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பி வையுங்கள்." உணவில் ஒவ்வாமைக் குறிப்பு வேறு இருக்கிறது. வேல்ஸ் மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் பட்டியலில் ஒருவரைப் பிடித்து, காசு கொடுத்துச் செய்யுங்கள்.

ஷில்லாங்கில் பணிபுரிந்தவர்: அங்கே வேல்ஸ் மிஷனரிகள் பற்றிக் கேள்விப்பட்டேன். ஏதாவது தொடர்பு தெரியுமா?

இதற்காகவே இந்தக் கேள்வி பதிலை ஒரு வாரம் நீட்டலாம்! தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ்காரர் 1841-இல் சோரா என்கிற சிரபுஞ்சிக்கு வந்தார். அந்த மலைவாழ் மக்களின் காசி (Khasi) மொழிக்கு லத்தீன் எழுத்தை அமைத்தபோது தன் தாய்மொழியின் பழக்கத்தையே கொண்டுவந்தார். காசி அரிச்சுவடியில் 'கே' வழக்கமான இடத்தில் இல்லை, 'பி'-க்கு அடுத்து, வெல்ஷில் 'சி' நிற்கும் இடத்தில் நிற்கும். 'ங்' ஒலிக்கான எழுத்து வெல்ஷில் போலவே 'ஜி'-க்கு அடுத்து வரும். வேல்ஸின் தேசிய கீதத்துக்கும் காசி மக்களின் கீதத்துக்கும் மெட்டு ஒன்றே. நீங்கள் வேல்ஸில் வயதானவர்களிடம் ஷில்லாங் என்று சொல்லிப் பாருங்கள். அங்கே போய்வந்த மிஷன் ஊழியரைத் தெரிந்தவர் ஒருவராவது எங்கள் பக்கத்துச் சபைகளில் இருப்பார், அரைமணி நேரம் பேசுவார். இன்னொரு தொலைதூரச் சொந்தம் அர்ஜென்டினாவின் சுபுட் மாகாணம். 1865-இல் மிமோசா கப்பலில் போனவர்களின் வழிவந்தவர்கள் கைமன் ஊரில் இன்றும் வெல்ஷ் பேசுகிறார்கள். நியூபோர்ட் நண்பர் கேட்ட ஸ்பானிஷ் அங்கே அக்கம்பக்கத்திலேயே கிடைக்கும்.

லான்டிட்நோ: வடக்கு வெல்ஷா, தெற்கு வெல்ஷா, எதைப் படிக்கணும்?

இருக்கும் ஊரில் பேசுவதை. பாலுக்கு வடக்கே "ல்ஹெவ்ரித்", தெற்கே "ல்ஹாய்த்". பாட்டி வடக்கே "நைன்", தெற்கே "மம்கீ". இரண்டு பக்கமும் புரிந்துகொள்வார்கள். மரியாதைப் பன்மை நமக்குப் பிறப்பிலேயே இருப்பதால் பெரியவர்களிடம் "ஹீ" என்று பேசுவது தானாக வரும்.

ஸ்வான்சியிலிருந்து இன்னொருவர்: வெல்ஷ் படிச்சா வேலை...

மேலே பாருங்கள்.

பாரி: அரசு அலுவலகத்துக்குப் போன் பண்ணினா வெல்ஷ் வரிசை சீக்கிரம் எடுக்குறாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

வரித்துறைக்கும் ஓட்டுநர் உரிம அலுவலகத்துக்கும் வெல்ஷ் எண் தனியாக உண்டு. என் அனுபவத்தில் பெரும்பாலும் சீக்கிரம் எடுக்கிறார்கள், பொறுமையாகவும் பேசுகிறார்கள். வரித்தொகை, தேதி போன்றவை வந்தால் உறுதி செய்ய ஆங்கிலத்தில் திருப்பிக் கேளுங்கள். நான்காவது முறை சொல்ல வைக்காதீர்கள்.

கார்மார்தன் அக்கா: வகுப்புல படிக்கிறேன். ஆனா கடைல வெல்ஷ்ல ஆரம்பிச்சா அவங்க உடனே இங்கிலீஷுக்கு மாறிடுறாங்க. மனசு விட்டுப்போகுது.

மனம் விடாதீர்கள் அக்கா. அந்நியர் முன் ஆங்கிலம் பேசுவதுதான் மரியாதை என்று அவர்களுக்குத் தலைமுறையாகப் பழகிவிட்டது. உங்களுக்குச் சிரமம் தரக்கூடாது என்றுதான் மாறுகிறார்கள். "டூயின் டஸ்கி கம்ராய்க்", நான் வெல்ஷ் கற்றுக்கொள்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கற்பவர்களுக்கென்று ஆரஞ்சு நிறப் பேச்சுக்குமிழி போட்ட பேட்ஜ் உண்டு, வகுப்பில் கேட்டு வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்ளுங்கள். அவர்கள் வேகமாகப் பேசினால் "அன் அராவ்" என்றால் போதும், நிதானமாகச் சொல்வார்கள். "அராவ்" சாலையில் வெள்ளை எழுத்தில் தினமும் நீங்கள் பார்க்கிறதுதான். காலை எட்டரைக்கு வரிசை நிற்கும்போது போகாதீர்கள். பத்தரைக்கு மேல், ஒரே கடைக்கு, அதே ஆள் இருக்கும் நாளில் போய், தேநீரை வெல்ஷில் கேட்டு, காசையும் வெல்ஷில் எண்ணிக் கொடுங்கள்.