ரத்தத்தில் செரட்டோனின் பார்க்கலாமா?

கேள்வி: தங்கைக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. டாக்டர் எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி. கொடுத்துப் பத்து நாளாகியும் குணமில்லை, குமட்டல்தான் மிச்சம். செரட்டோனின் குறைவா என்று ரத்தத்தில் பார்க்கலாமா? மாத்திரையை நிறுத்திவிடலாமா?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: ரத்தப் பரிசோதனை வீண் செலவு. செரட்டோனின் என்பது நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள். உடலின் செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் உருவாகிறது. அது மூளைக்குள் நுழையாது. 'செரட்டோனின் குறைந்தால் நோய்' என்பதும் மிகையான சுருக்கம். தங்கைக்கு இருப்பது பீதி நோய் (திடீர்ப் பயமும் படபடப்பும் தாக்குவது) போலிருக்கிறது. அதில், அபாயமணி அடிக்கும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி காரணமில்லாமல் விழித்துக்கொள்கிறது. அதை அடக்கவேண்டிய முன்மூளையின் பிடி தளர்கிறது.

மாத்திரை சில மணி நேரத்திலேயே மூளையில் செரட்டோனின் நரம்பணுக்களுக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. ஆனால் அதைச் சுரக்கும் நரம்பணுக்கள் உடனே தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த வேகக்குறைவு நீங்கச் சில வாரங்கள் பிடிக்கும். அதனால்தான் பத்து நாளில் பலன் தெரியவில்லை. நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுங்கள். குடலிலும் செரட்டோனின் ஏற்பிகள் (அதன் செய்தியை வாங்கும் இடங்கள்) உள்ளதால்தான் குமட்டல். சாப்பிட்டபின் மாத்திரை போட்டால் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கும்.

தானாக நிறுத்தவே வேண்டாம். தலைசுற்றல், தூக்கமின்மை, தலைக்குள் ஷாக் அடிப்பதுபோன்ற உணர்வு வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்கவேண்டும். டிரமடால், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளையும் அவரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள்.

தங்கை 25 வயதுக்குள் என்றால் முதல் வாரங்களில் கூடுதல் கவனம் தேவை. தவிப்பு அதிகரித்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் இரவிலும் தமிழில் பேசலாம்.