யோர்ட்டா யோர்ட்டா மக்கள் யார் என்று கேட்ட தங்கைக்கு

ஆஸ்திரேலியாவின் ஷெப்பர்டனுக்கு நர்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "எந்தக் கூட்டம் ஆரம்பித்தாலும் 'இது யோர்ட்டா யோர்ட்டா மக்களின் நிலம்' என்று ஒருவர் வாசிக்கிறார், மற்றவர்கள் போனைப் பார்க்கிறார்கள். இது வெறும் சடங்கா அண்ணா? அந்த மக்கள் இப்போதும் இருக்கிறார்களா? நாமே பிழைக்க வந்தவர்கள், நமக்கு இதில் என்ன?"

இருக்கிறார்களாவா! இந்த வட்டாரத்தின் பூர்வகுடிகள் அவர்கள், உங்கள் வார்டிலேயே இருப்பார்கள்மா. விக்டோரியாவில் மெல்பர்னை விட்டால் பூர்வகுடிகள் அதிகம் வாழும் ஊர்களில் ஷெப்பர்டன் முக்கியமானது. அவர்களில் பல குடும்பங்கள் இங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் 1939-இல் நடந்த ஒரு வெளிநடப்பு.

காரில் ஒரு மணி நேரம் போனால் பார்மா. அங்கே மர்ரே ஆற்றைத் தாண்டினால் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், கரையோரமாகவே அந்த வெளிநடப்பு நடந்த கம்மராகுன்ஜா. முதலில் பக்கத்தில் மலோகா என்ற இடத்தில் டேனியல் மேத்யூஸ் என்ற கிறிஸ்தவ ஊழியர் 1874-இல் பூர்வகுடிகளுக்காக மிஷன் குடியிருப்பு ஒன்றை ஆரம்பித்தார். அவருடைய கெடுபிடி தாங்காமல் 1888-இல் மக்கள் கம்மராகுன்ஜாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். காட்டைத் திருத்திக் கோதுமை போட்டார்கள். சில குடும்பங்களுக்குத் தனி நிலமும் கிடைத்தது. விளைந்து வந்த பிறகு பூர்வகுடிகளைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருந்த நியூ சவுத் வேல்ஸ் அரசு வாரியம் அந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1915-க்குப் பிறகு பெற்றோரைக் கேட்காமலே பிள்ளைகளைக் கொண்டுபோகும் அதிகாரமும் வாரியத்தின் கைக்கு வந்தது.

"நமக்கு இதில் என்ன" என்கிறீர்களே, அந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் யார் தெரியுமா? தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ். மொரீசியசில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர். தமிழர் என்றே பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். மலோகாவுக்கு வந்தவர் ஏடா கூப்பர் என்ற யோர்ட்டா யோர்ட்டா பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம், பிறகு பெரியவர்களுக்கு எழுத்தறிவு. அப்படிப் படித்தவர்களில் ஒருவர் அவருடைய மைத்துனர் வில்லியம் கூப்பர். பின்னாளில் மெல்பர்னில் இருந்துகொண்டு, நாடாளுமன்றத்தில் தங்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்று மன்னருக்கு மனு எழுதி 1814 கையெழுத்து வாங்கினார். ஆஸ்திரேலிய அரசு அதை மன்னருக்கு அனுப்பவே இல்லை. பள்ளிக்கூடத்துப் பையன்களில் இன்னொருவரான டக் நிக்கோல்ஸ் 1976-இல் தென் ஆஸ்திரேலிய ஆளுநர் ஆனார். ஒரு வாத்தியார் இதற்கு மேல் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்!

1930-களின் கடைசியில் கம்மராகுன்ஜாவின் மேலாளராக இருந்தவர் மக்குவிகன். அரைகுறை ரேஷன், ஒழுகும் வீடு, நோய், போதாததற்கு மிரட்டல். அவரை மாற்றச் சொல்லி மக்கள் மனுப் போட்டார்கள். வாரியம் என்ன செய்தது தெரியுமா? மனுவை அவரிடமே திருப்பி அனுப்பியது. அவர் அதை எல்லாரும் பார்க்கும்படி ஒட்டி, தங்கள் பெயரை நீக்க விரும்புகிறவர்கள் நீக்கிக்கொள்ளலாம் என்றார். வெறும் மிரட்டலைவிட இதுதான் எனக்கு அதிகக் கோபத்தைத் தருகிறது.

1939 பிப்ரவரியில் அந்த ஊர்க்காரரும் பூர்வகுடி உரிமைப் போராளியுமான ஜாக் பாட்டன் வந்து பேசினார். பிப்ரவரி 4-ஆம் தேதி, 150-க்கும் மேற்பட்டோர் மூட்டை முடிச்சோடு ஆற்றைக் கடந்துவிட்டார்கள். அக்கரை விக்டோரியா, இந்த வாரியத்தின் சட்டம் அங்கே செல்லாது. பாட்டனைப் போலீஸ் கைது செய்தது. பார்மா கரையில் கூடாரம் போட்டு மாதக்கணக்கில் இருந்தார்கள். விக்டோரியா அரசும் கைகொடுக்கவில்லை. மெல்பர்ன் ஆதரவாளர்களும் தொழிற்சங்கத்தினரும்தான் உணவு அனுப்பினார்கள். குடியிருப்பின் நிலைமை பற்றி அவர்கள் கேட்ட விசாரணை கடைசிவரை நடக்கவில்லை. பலர் திரும்பிப் போகவே இல்லை.

அவர்கள்தான் உங்கள் ஊருக்கு வந்தவர்கள். ஷெப்பர்டனுக்கும் மூரூப்னாவுக்கும் நடுவே வெள்ளம் ஏறும் பள்ளம் இருக்கிறதே, தினமும் அதைத் தாண்டித்தான் போவீர்கள், அங்கே சாக்கும் தகரமும் வைத்துக் குடிசை போட்டார்கள். பழம் பறித்தார்கள், பழ ஆலையில் வேலை பார்த்தார்கள். 1954-இல் எலிசபெத் ராணி வந்தபோது குடிசைகள் அவர் கண்ணில் படாமலிருக்கச் சாலையோரம் சாக்குத் திரை கட்டியதாக இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். நிலத்துக்காக அவர்கள் போட்ட வழக்கு 2002-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹை கோர்ட்டிலும் தோற்றது. முதலில் விசாரித்த நீதிபதி சொன்னபடி, காலம் மரபுத் தொடர்ச்சியை அடித்துக்கொண்டு போய்விட்டதாம்! அடித்துத் துரத்தியது யார் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் இடமில்லை.

ஆகவே அந்த வரியை வாசிக்கும்போது போனைக் கீழே வைத்துவிடுங்கள், அது போதும். வார்டில் வரும் பாட்டிமார், தாத்தாமாரை 'ஆன்ட்டி', 'அங்கிள்' என்று மரியாதையாகக் கூப்பிடுவது அவர்களுக்கும் வழக்கம்; ஆனால் அவர்கள் சொன்ன பிறகு கூப்பிடுங்கள். "நீங்கள் முழு அபோரிஜினலா, பாதியா" என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். பார்க்க வெள்ளையாக இருந்தாலும் கேட்கக் கூடாது. பிள்ளையைப் பார்க்க வரும் சொந்தக்காரர் கூட்டத்தைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள், நம் வீட்டிலும் அப்படித்தானே. குழந்தைகள் நலப் பிரிவின் பெயரைக் கேட்டாலே சில தாய்மார் பதறுவார்கள். ஏன் என்று இப்போது தெரியும்.

பார்மா ஆற்றங்கரைக்கு ஒரு ஞாயிறு போய்வாருங்கள். கம்மராகுன்ஜாவில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், கல்லறையும் இருக்கிறது. அழைப்பில்லாமல் உள்ளே நுழைந்து போட்டோ எடுக்க வேண்டாம். அவர்களோடு பழக வேண்டுமென்றால் பூர்வகுடிகளின் ரம்பலாரா அணி ஆடும் ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) ஆட்டத்துக்குப் போங்கள். குளிர் பிடுங்கும், கம்பளி மறக்காதீர்கள்.