கையெழுத்துக்கு முன் குழாயைத் திறந்து பாருங்கள்

கேள்வி: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் எஸ்எம்சி (பள்ளி மேலாண்மைக் குழு) தலைவி. 52 பிள்ளைகள். ஆண், பெண் இரு பாலருக்கும் கழிப்பறை உண்டு, ஆனால் தண்ணீரில்லாமல் பூட்டிக் கிடக்கிறது. பள்ளி மானியத்தில் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொல்லி ஒருவர் தீர்மானத்தில் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள் அம்மா. 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்கு 25,000 ரூபாய். அது பராமரிப்புக்கான பணம். அதில் 10 சதவீதமாவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். இந்தப் பணத்தில் எந்தக் கழிப்பறையைக் கட்டப் போகிறாராம்? கதவுக்குப் பெயின்ட் அடித்து, போட்டோ எடுத்து, பில் வைப்பார். இன்னொரு வகை ஆளும் வருவார்: பினாயில், துடைப்பம், சோப்பு எல்லாம் ஒரே பெட்டியில், மானியத் தொகைக்குச் சரியாக முன்கூட்டியே போட்ட பில்லோடு. பொருளை எண்ணாமல் கையெழுத்திடாதீர்கள். தேதி போடாத வவுச்சரிலும் வேண்டாம்.

முதலில் போர் ஓடுகிறதா, டேங்கில் தண்ணீர் ஏறுகிறதா, அங்கிருந்து கழிப்பறைக்கு வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கடைசி இடத்தில்தான் கோளாறு. பைப் வெயிலில் வெடித்திருக்கும், இல்லையென்றால் லீவில் யாரோ குழாயைக் கழற்றிப் போயிருப்பார்கள். பிளம்பரின் ஒரு நாள் வேலை இது.

புதுக் கட்டுமானத்துக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு: நடக்கச் சிரமப்படும் பிள்ளை இருந்தால். அப்போதும் தனிக் கட்டடம்தான் வேண்டும் என்பதில்லை. இருக்கிற அறையிலேயே சக்கர நாற்காலி நுழையும் அளவுக்குக் கதவு, சுவரில் கைப்பிடி, மேற்கத்திய கோப்பை, வாசலில் சரிவுப் பாதை செய்யலாம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சரிவு வேண்டும். இரண்டடியில் சிமெண்டைச் சரித்துவிட்டு ‘ராம்ப் ரெடி’ என்பார்கள், நம்பாதீர்கள். அந்தப் பிள்ளையையே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், கழுவ ஆள். கட்டுவது ஒரு துறை, தண்ணீர் இன்னொன்று, துப்புரவு வேறொன்று. கேட்டால் மூவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். எஸ்எம்சி தீர்மான நகலோடு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஆள் வரும்வரை பிள்ளைகளைக் கழுவ வைக்கக் கூடாது. வருபவரிடம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றக் கூடாது என்று சொல்லிவிடுங்கள், விஷவாயு கிளம்பும்.